நூலகத்தில் கிடைத்த மருந்துக் குறிப்பு

குளிர்பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போவது ரேனாட் நோய். அதற்கு மீன் எண்ணெய் உதவலாம் என்று 1986-இல் எழுதியவர் மருத்துவர் அல்லர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தகவலியல் பேராசிரியர் டான் ஸ்வான்சன். எந்த நோயாளியையும் சோதிக்காமல், அச்சில் வந்திருந்த கட்டுரைகளைப் படித்தே அதைச் சொன்னார். இந்நோயாளிகளின் இரத்தம் தடித்து மெதுவாக ஓடுவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். மீன் எண்ணெய் அந்தத் தடிப்பைக் குறைப்பதாக வேறு சிலர் எழுதியிருந்தார்கள். ஒருவர் எழுத்து மற்றவர் கண்ணில் படவே இல்லை. 1988-இல் ஒற்றைத் தலைவலியையும் மக்னீசியத்தையும் இப்படியே 11 இழைகளால் இணைத்தார். பின்னர் இந்தத் தேடலில் கணினியும் சேர்ந்துகொண்டது. மற்ற இடங்களில் அரிதான ஒரு சொல் இரண்டு துறைகளின் கட்டுரைத் தலைப்புகளிலும் அடிக்கடி வந்தால், அதைப் பாலமாக எடுத்துக் காட்டும்.

சொற்கள் பொருந்திவிட்டால் மருந்து ஆகிவிடுமா என்று கேட்பது நியாயம்தான். ஆகாது, போலிப் பொருத்தங்களும் ஏராளமாக வரும். ஸ்வான்சனும் அதை ஊகமாகத்தான் முன்வைத்தார். ஆனால் கடலாய்க் குவியும் கட்டுரைகளுக்கு நடுவே எதைச் சோதிப்பது என்று தெரிவதே பாதி வேலை. அந்தப் பாதியை நான் பெரிதாக மதிக்கிறேன். 1989-இல் நோயாளிகளிடம் சோதித்தபோது, வேறு காரணமின்றித் தானாக ரேனாட் வந்தவர்கள் மீன் எண்ணெயால் குளிரைக் கூடுதலாகத் தாங்கினார்கள். வேறொரு நோயின் விளைவாக அது வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.