கடிதத்தின் மூலையில் ஒரு குடும்பம்



இன்று தபால் தலையைப் பற்றிப் பேசலாம். சிலர் ஸ்டாம்பு என்பீர்கள். கடித உறையின் வலது மூலையில் ஒட்டுகிறோமே, அதுதான்.

தபால் தலையில் இரண்டு வகை உண்டு. ஒரு தலைவரின் நூற்றாண்டு வரும். ஒரு பெரிய விழா வரும். அதற்கென்று வெளியிடுவது ஒரு வகை. பெரும்பாலும் அதை ஒரு முறைதான் அச்சடிப்பார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்னொரு வகை, அன்றாடத் தபால் தலை. இது பெரும்பாலும் சிறியதாக இருக்கும். தீரத் தீர அச்சடிப்பார்கள். ஆண்டுக் கணக்கில் விற்பார்கள். முன்பு ஐந்து காசு, பத்து காசு, ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பல விலைகளில் வந்தது. இதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஒட்டுவோம். பெட்டியில் போடுவோம். மறந்துவிடுவோம்.

தபால் தலை சேகரிப்பவர்கள் அப்படி விடுவதில்லை. இந்தச் சாதாரணத் தலைகளையும் சேர்த்து வைக்கிறார்கள். அவற்றை வரிசை வரிசையாகப் பிரிக்கிறார்கள். ஒரே திட்டத்தில், பல விலைகளில் வந்த தலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வரிசை. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை போல. ஆனால் "நான் இந்த வரிசை" என்று தலையில் அச்சடித்திருக்காது. பார்ப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் படத்தைப் பார்ப்பார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் தபால் தலைகளில் மன்னரின் முகம் இருந்தது. நாடு விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள் ஆயின. 1949 ஆகஸ்டு 15 அன்று புது வரிசை வந்தது. 16 தலைகள். மன்னர் முகம் போய்விட்டது. மூன்று தம்பிடித் தலையில் அஜந்தா யானை. இரண்டணாத் தலையில் நடராசர். மூன்றணாத் தலையில் சாஞ்சி ஸ்தூபியின் வாயில். ஆறணாவில் பிஜப்பூர் கோல் கும்பஸ். பன்னிரண்டணாவில் அமிர்தசரஸ் பொற்கோயில். ஐந்து ரூபாயில் தாஜ்மகால். பதினைந்து ரூபாயில் பாலிதானா சமணக் கோயில்.

இதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கோயில், ஏதோ ஒரு கோபுரம். அவ்வளவுதான். பதினாறையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்து, பௌத்தர், சமணர், முஸ்லிம், சீக்கியர் எல்லோருடைய கட்டடமும் இருக்கிறது. 1947இல் நாடு இரண்டாகப் பிரிந்தது. மதச் சண்டையில் எத்தனையோ பேர் மாண்டார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் வந்த வரிசை இது. இவை எல்லாமே நம்முடையவை என்று பதினாறு தலைகளும் சேர்ந்து சொல்கின்றன. தனித்தனியாக இருந்தால் அது காதில் விழாது.

1955 ஜனவரி 26 அன்று அடுத்த வரிசை. அப்போது முதல் ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. படங்களும் மாறிவிட்டன. டிராக்டர், விசைத்தறி, தாமோதர் அணை, சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலை, சிந்திரி உரத் தொழிற்சாலை. ஒன்பது தம்பிடித் தலையில் மாடு கட்டி இறைக்கும் கிணறு. அணையும் கமலைக் கிணறும் ஒரே குடும்பத்தில்! எனக்கு இந்த வரிசைதான் மிகவும் பிடிக்கும். நம் கன்னியாகுமரியும் இதில் உண்டு. விலை ஒரு ரூபாய் இரண்டணா.

அடுத்த அடையாளம் காசுக் கணக்கு. 1957 ஏப்ரல் 1 முதல் அணாக் கணக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. அணா போட்ட தலைகளோடு புதுக் கணக்கு ஒட்டாது. எனவே புது வரிசை வந்தது. இந்திய வரைபடம்தான் எல்லாவற்றிலும் படம். அதில் 13 நயா பைசாத் தலை ஒன்று உண்டு. 13 என்று ஏன் ஒரு விலை? கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு அணா நூறு காசு என்றால் இரண்டணா பன்னிரண்டரைக் காசு. அரைக் காசு நாணயம் இல்லையே! அதனால் 13. பழைய இரண்டணா இந்த 13க்குள் ஒளிந்திருக்கிறது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத் தபால் தலைத் தாளில் நீர்க்குறி இருந்தது. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி உருவம் தெரிகிறதே, அது போன்றது. வரைபடத் தலையில் முதலில் நட்சத்திரக் குறி இருந்தது. 1958 முதல் அசோகர் தூணின் சிங்கக் குறி வந்தது. முன்பக்கம் படம் அதேதான். இது ஒரு வரிசையா, இரண்டா? ஒன்று என்பார் ஒருவர். இரண்டு என்பார் இன்னொருவர். சேகரிப்பவர்கள் கூடினால் இப்படித்தான் பேச்சு நீளும்.

ஒரே வரிசைக்குள்ளும் கவனம் வேண்டும். 1949இல் வந்த ஓரணாத் தலையில் போதிசத்துவர் சிலை. கண்ணாடியில் தெரிவது போல அது இடம் வலமாக அச்சாகிவிட்டது. 1950இல் திருத்தி வெளியிட்டார்கள். விலையும் அதே, சிலையும் அதே. ஆனால் ஆல்பத்தில் அவை இரண்டு தலைகள். எந்தக் கை நீண்டிருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஆண்டை மட்டும் வைத்துப் பிரித்தால் ஏமாந்து போவோம். பழைய தலை தீரும் முன்பே புதியது வந்துவிடும். இரண்டும் ஒரே ஜன்னலில் விற்கும். பக்ரா அணைப் படமும் டிராம்பே அணு உலைப் படமும் 1960களின் வரிசையில் வந்தன. 1970களின் வரிசையிலும் அதே படங்கள் திரும்ப வந்தன.

இன்னொரு கதை. 1960களின் வரிசையில் ஐந்து காசுத் தலை ஒன்று உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. 1971இல் வங்க தேசத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். அவர்களுக்கு உதவ ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து காசு கூடுதலாக வாங்கினார்கள். அதற்கு அவசரமாக இந்தத் தலையின் மேலேயே "அகதிகள் நிவாரணம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். இதை எந்த வரிசையில் வைப்பது? பலர் தனியாகவே வைக்கிறார்கள்.

வீட்டில் பழைய கடிதம் இருந்தால் தலையைப் பிய்க்காதீர்கள். உறையோடு இருக்கட்டும். முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். அவையும் அடையாளம்தான். யாராவது "இதற்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கும்" என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். அன்றாடத் தலைகள் கோடிக்கணக்கில் அச்சானவை. பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடையாது.

கடைசியாக ஒன்று. 1978 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1979 முதல் வந்த வரிசையில் பாசனம், பருத்தி, நெசவு, கோழிக்குஞ்சு, ரப்பர் பால் எடுப்பது எல்லாம் படங்கள். அதில் மிகக் குறைந்த விலை இரண்டு காசு. அந்தத் தலையின் படம் என்ன தெரியுமா? முதியோர் கல்வி வகுப்பு. உங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

ஆல்பத்தை இப்போது அனுப்புகிறேன். கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு வாங்குங்கள். அந்த இரண்டு காசுத் தலை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.