அட்டவணையில் விட்டுப்போன எண்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கணக்கு டிபார்ட்மெண்ட் ஆள் மைக் பிடித்தால் போர் அடிக்கும் என்று பயப்படாதீங்க. ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன்: 293318625600. நம்ம வழக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

ஒரு டஜன் வாழைப்பழத்தை 2, 3, 4, 6 பேருக்கு நறுக்காமலே பங்கு போடலாம். 1, 12 இரண்டையும் சேர்த்தால் 12-க்கு 6 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் 6 கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் ஜெயிக்கிற எண்ணை மிகுபகு எண் என்று சொல்லலாம். இதை விரிவாக ஆராய்ந்தவர் நம் ராமானுஜன். 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் கட்டுரை வந்தது.

அவருக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பு உண்டு. எஃப்.ஏ. தேறாமல், வேலையும் இல்லாமல், 1910-ல் கும்பகோணத்தில் ரயிலேறி, விழுப்புரத்தில் வண்டி மாறி, திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டிக் குமாஸ்தா வேலை கேட்டார். இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் முடக்கக் கூடாது என்று ஐயர் வேலை தரவில்லை. சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தார். சென்னைக்கு மெயின் லைன் நம்ம திண்டிவனம் வழியாகத்தானே!

எண்ணுக்கு வருவோம். இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை இருக்கின்றன. ஒவ்வொரு முறை எண்ணிக்கையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5040 காரணிகள். அந்த 5040-ம் ஒரு மிகுபகு எண்; அதற்கு 60 காரணிகள். 60-ம் அதே ஜாதி, அதற்கு 12. பன்னிரண்டைத்தான் முதலிலேயே பார்த்தோமே!

ராமானுஜன் அட்டவணையில் 102 எண்களை எழுதினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நம்ம எண் மட்டும் அதில் விட்டுப்போயிற்று. அட்டவணையின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்க, விட்டுப்போன அதே எண் வரும்!

இதனால் அவர் பெருமை குறையவில்லை. எஃப்.ஏ. தேறாத அவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்குத்தான்.

தம்பி தங்கைகளே, அரியர் விழுந்தால் மனசு விடாதீங்க. எவ்வளவு பெரிய பெயர் போட்ட புத்தகமானாலும் ஒரு தரம் நீங்களே போட்டுப் பாருங்க. ஆபீஸ்களில் நாற்காலி பிடித்திருக்கும் நண்பர்களே, நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பையன், ஒரு பெண் வந்து நின்றால், மார்க் ஷீட் கேட்பதற்கு முன்னால் அந்த நோட்டைத் திறந்து பாருங்கள்.