சிலிண்டர் கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சேன். மேடையில பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

2023 மார்ச் மாசம் சிலிண்டர் விலை சென்னையிலேயே 1,118 ரூபாய் 50 காசு. அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குக் கூலி 294 ரூபாய். முழுக் கூலி கிடைச்சாலும் நாலு நாள் மண் வெட்டினாத்தான் ஒரு சிலிண்டர். அதுக்கு மேல, வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்க 50 ரூபாய் தனியா கேட்பாங்க.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? டீக்கு மட்டும் கேஸ். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் பழையபடி விறகு அடுப்பு. ஒரு சிலிண்டரை நாலு மாசம் ஓட்டினேன். மிச்சம் பிடிச்சுட்டேன்னு பெருமையா இருந்துச்சு. ஆனா என் மாமியாருக்கு ஏற்கெனவே இளைப்பு. புகையில இருமல் கூடி, ராத்திரி படுக்கவே முடியல. ஆட்டோ, ஊசி, மருந்துன்னு குழுவுல 3,000 ரூபாய் கடன் வாங்கினேன். மிச்சம் பிடிச்சதை விட அது அதிகம். அவங்க என்னை ஒரு வார்த்தை குறை சொல்லல. "நீ என்னம்மா செய்வே"ன்னாங்க. அதுதான் இன்னும் மனசுல நிக்குது.

அடுத்த வருஷம் என் மகள் ஒரு செய்தி படிச்சுக் காட்டினா. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூணுக்கும் சேர்த்து 2023-24ல் லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். நியாயமாப் பேசணும்னா, அது சிலிண்டர்ல மட்டும் வந்த லாபம் இல்லை. பெட்ரோல், டீசலும் சேர்ந்ததுதான். அதுக்கு முன்னாடி சிலிண்டரை நட்டத்துக்கு வித்தோம்னு சொன்னாங்க. அதுக்காக 2022-ல் மத்திய அரசு 22,000 கோடி கொடுத்துச்சு. அது நம்ம வரிப்பணம். அடுப்பு எரியாம வந்த என் 3,000 ரூபாய் நட்டத்தை யாருகிட்ட போய்க் கேட்கிறது?

அப்புறம் 200, 100ன்னு குறைச்சாங்க. 2025 ஏப்ரல்ல மறுபடி 50 ஏத்தினாங்க. ஏன் ஏறுச்சு, ஏன் இறங்குச்சுன்னு நம்மகிட்ட யாரும் சொல்றதில்லை. நம்ம குழுவுல ஒரு ரூபாய் வட்டி வந்தாலும் கூட்டத்துல படிச்சுக் காட்டுறோம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது முடியாதா?

விலையைக் குறைக்க நம்ம கையில இல்லை. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. வீடு வரை கொண்டு வரும் கூலி பில்லுலேயே சேர்ந்திருக்கு. பில்லுக்கு மேல கொடுக்க வேண்டாம். காலி சிலிண்டர் எடை அது மேலேயே எழுதியிருக்கும். அதோட 14.2 கிலோ கூட்டி, எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க. நான் தனியா கேட்டப்போ முறைச்சாங்க. எங்க தெருவுல ஒன்பது பேர் சேர்ந்து பில்லைக் கேட்டோம். அந்த 50 ரூபாய் நின்னு போச்சு.

விறகு அடுப்பை நான் திரும்பப் பத்த வைக்கல. மாமியார் இன்னைக்கு என்னோட வந்து, முன் வரிசையில உட்கார்ந்திருக்காங்க.