வாங்கினவங்களுக்கும் கணக்குச் சொல்லணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்கித் தர நன்கொடை திரட்டலாம் என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ரசீதுப் புத்தகம் அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பேசணும்.

2015 டிசம்பர் நமக்கு மறக்காது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள்ளே தண்ணீர். நிவாரணப் பொருள் லாரி லாரியாக வந்தது. யாரோ கொடுத்த பொருள் மேல யாரோ ஸ்டிக்கர் ஒட்டினதையும் பார்த்தோம். அது தனிக் கதை, விடுங்க.

நான் அப்போ வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருத்தர் பாய், போர்வை வாங்கச் சொல்லி 15,000 ரூபாய் கொடுத்தார். நாங்க போன தெருவில் பாய் ஏற்கெனவே நிறைய வந்திருந்தது. சமைக்க அடுப்புதான் இல்லை. அதனால் ஸ்டவ் வாங்கிக் கொடுத்தோம். ஒரு ரூபாய்கூடத் தப்பாகப் போகவில்லை, பில் எல்லாம் ஃபைலில் இருந்தது. ஆனா அவர்கிட்ட சொல்லலை.

பொங்கல் கழிச்சு அவரே அந்தத் தெருவுக்குப் போய் விசாரிச்சிருக்கார். "பாய் வேற யாரோ குடுத்தாங்க, இவங்க இல்லையே ஐயா" என்று சொல்லிவிட்டார்கள். நான் பில்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஒரு போன் போட்டிருந்தா நானே ஸ்டவ் வாங்குங்கன்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றார். கோபப்படவில்லை. அதற்கப்புறம் நன்கொடையும் தரவில்லை.

அவரிடம் சொல்லாதது ஒரு தப்பு. அந்தத் தெரு அக்காமார்களிடம் இது யார் பணம், எதுக்கு வந்தது, ஏன் மாத்தினோம் என்று சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. கை நீட்டி வாங்குறவங்களுக்குக் கணக்கு எதுக்கு என்கிற நினைப்புதான் காரணம். நம்ம குழுவில் அப்படியா? 10 ரூபாய் அபராதத்தைக்கூட எழுதி, வாசித்து, கையெழுத்து வாங்குறோம்.

1994 டிசம்பரில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற கிராமத்து மக்கள் அமைப்பு இதைத்தான் செய்தது. அரசு வேலைக்கான கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசிச்சாங்க. வேலையே செய்யாதவங்க பேரெல்லாம் வெளியே வந்தது. 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் ரசீது இல்லாமல் பத்து ரூபாய்கூட வாங்க வேண்டாம். ஆட்டோ செலவை மறைக்காமல் எழுதுங்க. நோட்டுக்கு வந்த பணத்தில் பை வாங்கணும்னா, கொடுத்தவரைக் கேட்டுட்டு வாங்கலாம். வரிச்சலுகை கிடைக்கும்னு யாரும் வாய் வார்த்தையாகச் சொல்லிடாதீங்க. அதுக்குத் தனிப் பதிவு வேணும். பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

நோட்டு கொடுக்கிற அன்றைக்கே, பிள்ளைகளோட அம்மாக்கள் முன்னால் வரவு, செலவு, மீதி மூன்றையும் வாசிக்கணும். எந்தக் குழுவின் பிரதிநிதி வாசிக்கிறது என்று இன்னைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிடலாமா?