வெயிலை நம்பிக் குடிபெயரலாமா?



டிசம்பர் 21-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் சூரியன் காலை எட்டே முக்காலுக்குத்தான் எழும். மாலை நாலு மணி அடிப்பதற்குள் அடைந்துவிடும். இடைப்பட்ட ஏழு மணி நேரமும் வெயில் அடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் மேகம் மூடிய மங்கல் வெளிச்சம்தான், கூடவே ஈரக் காற்று. ஏழரை மணிக்கு இருட்டில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர், இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் பகலைப் பார்க்கலாம் என்று இருக்கும் வாழ்க்கை அது.

சித்திரை மாதத்தில் புளியமரத்து நிழல் தேடி ஒதுங்குகிற நமக்கு, வெயிலுக்காக ஒருவர் வீடு வாசலை விற்றுவிட்டு நாடு மாறுவார் என்பது லேசில் விளங்காத சங்கதி. பிரிட்டனில் அது இரண்டு மூன்று தலைமுறையாக வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு. போய்விடலாமா? எங்கே போகலாம்? ஆஸ்திரேலியாவா, ஸ்பெயினா? போனால் பிழைத்துக்கொள்வோமா? இன்றைய உரையில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுடைய ஏக்கம் வெறும் ஆசை அல்ல, உடம்பு கேட்கிற ஏக்கம். லண்டனுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்துக் கிடைக்கும் வெயில் சுமார் 1,600 மணி நேரம். ஸ்பெயினின் அலிகாந்தே நகரத்துக்கு ஏறத்தாழ 2,900. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு இன்னும் அதிகம். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால், குளிர்காலம் வந்தால் சிலருக்கு மனம் சோர்ந்து, உடம்பு கனத்து, எந்நேரமும் தூக்கம் அழுத்துவதைக் கவனித்தார். 1984-இல் தம் குழுவினருடன் சேர்ந்து, பருவகால மனச்சோர்வு என்று அதை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். வெளிச்சம் பட்டால் பலருக்கு அது இறங்கிவிடுகிறது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வைட்டமின் டி மாத்திரை எடுத்துக்கொள்ளும்படி பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையே மக்களுக்குச் சொல்கிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவரும் கறுப்பு நிறத்தவரும் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறது.

ஆகவே வெயில் நல்லதா கெட்டதா என்பதில் எனக்கு வழக்கு இல்லை. எந்த வயதில் அதைத் தேடிப் போகிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு இரண்டு பெரிய குடிபெயர்வுகளைப் பார்த்தால் போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் ஆஸ்திரேலிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரியவர்களுக்குப் பத்தே பவுன், பிள்ளைகளுக்கு இலவசம். கப்பலேறி வந்துவிடலாம். குறைந்தது இரண்டு ஆண்டு அங்கே இருக்க வேண்டும். அதற்குள் திரும்பினால் முழுப் பயணச் செலவையும் கட்ட வேண்டும். போரில் இடிந்த நகரங்கள், ரேஷன் வரிசை, ஓயாத மழை. இவற்றுக்கு நடுவே நின்ற பிரிட்டிஷ் மக்களுக்குக் கடற்கரையும் ஆரஞ்சுப் பழமும் போட்ட விளம்பரச் சுவரொட்டிகள் என்ன செய்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1970-களின் தொடக்கத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர்களை 'டென் பவுண்ட் பாம்ஸ்', அதாவது பத்து பவுன் பிரிட்டிஷ்காரர்கள், என்று ஆஸ்திரேலியர்கள் அழைத்தார்கள்.

அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நடப்பில் இருந்த காலம் அது. அதே பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை வைத்திருந்தாலும் தோல் கறுப்பாக இருந்தால் பத்து பவுன் டிக்கெட் கிடையாது. 1973-இல்தான் அந்தக் கொள்கையின் மிச்சசொச்சம் ஒழிந்தது. வெயிலுக்குப் பழகிய தோலை ஒதுக்கிவிட்டு, வெயிலில் வெந்துபோகும் தோலைத் தேடிப் பிடித்து அழைத்தார்கள். அதன் விலையை அந்நாடு இன்றுவரை கொடுக்கிறது. எழுபது வயதுக்குள் மூன்று ஆஸ்திரேலியரில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. அங்கே பல பள்ளிக்கூடங்களில், தொப்பி கொண்டுவராத பிள்ளையை மைதானத்தில் விளையாட விடமாட்டார்கள்.

போனவர்கள் கண்ட முதல் காட்சியும் சுவரொட்டியில் இருந்தது போல இல்லை. பல குடும்பங்களை, போர்க்காலத்தில் ராணுவத்துக்காகக் கட்டிய தகரக் கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். தகரத்தை அரைவட்டமாக வளைத்துக் கவிழ்த்த கொட்டகை. ஜனவரி அங்கே கோடைக்காலம். மேலே தகரம் காய்கிறது, உள்ளே ஈ மொய்க்கிறது, சாப்பாடு பொதுக்கூடத்தில். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் சின்னதாக இருந்தாலும் சொந்தமாக ஒரு அடுக்களை வைத்திருந்த பெண், அங்கே தட்டேந்தி வரிசையில் நிற்கிறாள். சுமார் நாலில் ஒரு பங்கு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். திரும்பியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் சூடும் ஈயும் பெரிதாக வரவில்லை. பிரிந்த ஏக்கம், ஊரில் தனியாகக் கிடக்கும் தாய், பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி இல்லாமல் போனது என்று உறவைத்தான் அதிகம் சொன்னார்கள். அப்படித் திரும்பியவர்களில் கணிசமானோர், ஊரில் இரண்டு குளிர்காலம் கழித்ததும் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கே போனார்கள்! எறிந்தால் திரும்பி வரும் பூமராங்கின் பெயரையே அவர்களுக்கு வைத்துவிட்டார்கள்.

இருந்தாலும் மொத்தத்தில் அந்தக் குடிபெயர்வு பலித்தது. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் பாரி என்ற துறைமுக ஊரில் 1961-இல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு நுரையீரல் நோய் கண்டது. சூடான ஊரில் வாழ்ந்தால் குழந்தை தேறும் என்று மருத்துவர் யோசனை சொன்னார். 1966-இல் அந்தக் குடும்பம் கப்பலேறி அடிலெய்டு நகரத்தில் குடியேறியது. அந்தக் குழந்தைதான் ஜூலியா கிலார்ட். 2010-இல் ஆஸ்திரேலியாவின் முதல் பெண் பிரதமரானார். வெயில் அவருக்கு உடம்பைக் கொடுத்தது. அந்த நாடு படிப்பையும் வேலையையும் வாய்ப்பையும் கொடுத்தது. அந்தத் திட்டம் பொதுவாக நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களையே எடுத்தது என்பதை இங்கே நினைவில் வையுங்கள். முன்னால் முப்பது நாற்பது ஆண்டு உழைப்பு இருந்தால், புது ஊரில் வேரூன்ற முடியும். பள்ளிக்கூட வாசலில் சிநேகிதம் கிடைக்கும், வேலை செய்யும் இடத்தில் பாஷை பழகும், இருபது ஆண்டு கழித்துப் பேரப்பிள்ளையும் அங்கேயே பிறக்கும்.

இனி ஸ்பெயினுக்கு வருவோம். இங்கே போகிறவர்களின் வயதே வேறு.

1950-களில் மீன்பிடி ஊராக இருந்த பெனிடோர்ம் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கும் சுற்றுலா நகரம். அதைச் சுற்றிய கடற்கரை நெடுக, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிரிட்டிஷ்காரர்கள் வீடு வாங்கிக் குடியேறினார்கள். ஸ்பெயினில் பதிவு செய்து வாழும் பிரிட்டிஷ் குடிமக்கள் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த வீடு, மாடியில் நின்றால் கடல், பத்து நிமிட நடையில் கடற்கரை. அறுபத்திரண்டு வயதில் இது சொர்க்கம்தான்.

அதே வீட்டை எண்பது வயதில் பாருங்கள். ஸ்பெயினின் கடலோர வீடுகள் சூட்டைத் தடுப்பதற்காகக் கட்டியவை. தரை பளிங்கு அல்லது ஓடு. பல வீடுகளில் பிரிட்டனில் உள்ளது போல வீடு முழுவதையும் சூடேற்றும் ஏற்பாடு கிடையாது. ஜனவரி இரவில் தெருவைவிட வீட்டுக்குள் அதிகம் குளிர்கிறது என்பார்கள். ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டரை அறைக்குள் வைத்து அடுப்பு மூட்டிக் குளிர் காய வேண்டும். சிலிண்டருக்குள் பன்னிரண்டரை கிலோ கேஸ். இரும்புக் கூட்டின் எடை தனி. மாடிப்படியில் அதை ஏற்ற ஆள் வேண்டும். கணவர் இருந்தவரை அவர் ஏற்றினார். அவர் போன பிறகு?

ஸ்பெயின் ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் நன்றாகவே இருக்கும். ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் வீட்டு மனிதர் ஒருவர் இருந்து பார்த்துக்கொள்வார் என்பது அங்கத்திய வழக்கம், நம் ஊரைப் போலவே. பிள்ளைகள் எல்லாம் பிரிட்டனில் இருக்க, ஸ்பானிஷ் மொழியில் காபி வாங்க மட்டும் தெரிந்த ஒரு மூதாட்டி, வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் கட்டிலில் படுத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். இறப்பு நேர்ந்தால் சாதாரணமாக இரண்டு நாளுக்குள் அடக்கம் முடிந்துவிடும். பிள்ளைகள் விமானம் பிடித்து வந்து சேர்வதே பாடு.

வெயிலும் முன்னைய வெயில் அல்ல. 2021 ஆகஸ்டில் ஸ்பெயினின் கோர்டோபா மாகாணத்தில் 47.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் 2024 அக்டோபரில் கொட்டிய மழையிலும் வெள்ளத்திலும் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வசந்த காலத்தில் ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு வீடு வாங்குகிறவர், ஆகஸ்ட் மாதத்தைப் பார்க்காமலே வாங்குகிறார்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதில் இன்னொரு மாற்றமும் வந்தது. 2021 முதல், விசா இல்லாத பிரிட்டிஷ்காரர் 180 நாளில் 90 நாள்தான் ஸ்பெயினில் தங்கலாம். நவம்பரில் போய் மார்ச்சில் திரும்புகிற பழைய வழக்கத்துக்கு அது போதாது. வேலை பார்க்காமல் நிரந்தரமாகத் தங்க விசா கேட்டால், ஒருவருக்கு ஆண்டு வருமானம் 28,800 யூரோ இருப்பதாகக் காட்டச் சொல்கிறார்கள். பிரிட்டனின் முழு அரசு பென்ஷனை மட்டும் நம்பியிருப்பவரின் ஆண்டு வருமானம் அதில் ஏறக்குறைய பாதிதான். உழைத்து ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநரும் மெக்கானிக்கும் போய்க் குடியேறிய கடற்கரை, இனி வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

சரி, வெயில் மனிதரை மகிழ்ச்சியாக்குகிறதா என்றும் பார்ப்போம். டேனியல் கானமன், டேவிட் ஷ்கேட் என்ற இரண்டு அறிஞர்கள் 1998-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் வெயிலுக்குப் பேர்போன கலிபோர்னியாவிலும், குளிர் வாட்டும் நடுமேற்கு மாநிலங்களிலும் உள்ள மாணவர்களைக் கேட்டார்கள். கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு தரப்பும் எண்ணியது. தங்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது, இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு நிறைவைத்தான் சொன்னது. ஓரிடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது வானிலை மட்டும் கண்ணில் நிற்கிறது. அங்கே வாழத் தொடங்கிவிட்டால் வாடகை, முதுகுவலி, பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் போன் என்று வழக்கமான கவலைகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இனி நான் சொல்லப்போவது பணத்தைப் பற்றியது. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன்.

பிரிட்டனின் அரசு பென்ஷன் அங்கே ஆண்டுதோறும் கூடுகிறது. ஸ்பெயினில் வாழ்ந்தாலும் கூடுகிறது, அமெரிக்காவில் வாழ்ந்தாலும் கூடுகிறது. ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் வாழ்ந்தால் கூடாது. முதல் நாள் என்ன தொகையோ, அதுவே கடைசி வரை. நயாகரா அருவியின் அமெரிக்கக் கரையில் குடியிருக்கும் பிரிட்டிஷ் முதியவருக்குப் பென்ஷன் உயர்கிறது. எதிரே கனடாக் கரையில் இருப்பவருக்கு உயர்வதில்லை. இருவரும் ஒரே அளவு சந்தா கட்டியவர்கள்.

2016-இல் புதிய பென்ஷன் முறை வந்தபோது முழுத் தொகை வாரத்துக்கு 155 பவுன் 65 பென்ஸ். 2025-இல் அது 230 பவுன் 25 பென்ஸ். 2016-இல் சிட்னியிலோ சென்னையிலோ இருந்தபடி முழுப் பென்ஷன் வாங்கத் தொடங்கியவர், 2025-இலும் அதே 155 பவுன் 65 பென்ஸ்தான் வாங்குகிறார். விலைவாசி அவருக்காகக் காத்திருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஒரு பெண்மணி இதை எதிர்த்து வழக்குப் போட்டார். பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் 2005-இல் தோற்றார். மேலும் பன்னிருவர் உடன் சேர, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2010 மார்ச்சில் பதினோரு நீதிபதிகள் எதிராகவும் ஆறு பேர் ஆதரவாகவும் தீர்ப்பளிக்க, அங்கும் தோற்றார். சட்டம் எப்படியோ, இது நியாயம் இல்லை என்றே நான் சொல்வேன். கட்டிய பணம் ஒன்று, கிடைக்கும் பணம் வேறு என்றால் அதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் மனம் ஏற்கவில்லை.

எனவே என் தீர்ப்பு இது. முப்பது வயதில், கையில் தொழிலோடும் இடுப்பில் பிள்ளையோடும் போகிறவர்கள் துணிந்து போகலாம். சூடும் பழகும், ஊரும் பழகும். அறுபது கடந்து போகிறவர்கள் வீட்டை விற்காமல் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். ஆகஸ்டையும் ஜனவரியையும் அங்கே கழிக்கட்டும். தம்பதியராகப் போகிறவர்கள், இருவரில் ஒருவர் இல்லாமல் போனாலும் மற்றவர் இந்த ஊரில் இருப்பாரா என்று ஒருவரையொருவர் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பதில் இல்லையென்றால், வெயிலை விடுமுறைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த உரையைக் கேட்கும் உங்களில் பலருக்கு அண்ணனோ அக்காவோ பிள்ளையோ பிரிட்டனில் இருக்கக்கூடும். ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்து வெயிலில் உட்காரப் போகிறேன் என்று அவர்கள் போனில் சொல்லியும் இருப்பார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் இந்தியாவில் வாழ்ந்தால் பிரிட்டனின் அரசு பென்ஷன் உயராது என்பதையும், அங்கத்திய அரசு மருத்துவமனை வேலைக்கு உரிய தனிப் பென்ஷனுக்கு இந்தத் தடை இல்லை என்பதையும், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.