கரண்ட் போனால் குப்பி லாம்பு கவனம்



நெடுந்தீவு, நயினாதீவில் டீசல் எஞ்சினில்தான் கரண்ட் கொடுத்து வந்தாங்க. எஞ்சின் நின்றால் ஊரே இருட்டு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணம் முழுக்கவே பல வருஷம் கரண்ட் இல்லை. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். அந்தப் போத்தல் குட்டை, லேசில் சாயாது.

நம் லயத்துக் குப்பி லாம்பு உயரம். தட்டினால் உருளும், எண்ணெய் கொட்டும், உடுப்பில் பிடிக்கும். இப்படிச் சுட்டு வந்தவர்களைக் கண்ட டாக்டர் விஜய கொடகும்புர 1992இல் ஒரு விளக்குச் செய்தார்: குட்டை, கனம், பக்கம் தட்டை, மூடி திருகாணி. அப்படிப் போத்தலாகப் பாருங்க.

லாம்பைத் தரையில் வைக்காதீங்க. எரியும்போது எண்ணெய் ஊற்றாதீங்க. அணைத்துவிட்டுப் படுங்க. சுட்டால் பற்பசை வேண்டாம். 20 நிமிஷம் பீலித் தண்ணியில் பிடித்து, டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்க.