மழைக் கணிப்பும் காலபோகக் கூட்டமும்



பருவமழைக்கு முன்னர் தென்னாசிய நாடுகளின் வானிலை அறிஞர் ஒருங்கு கூடி ஆராயும் பருவநிலைக் கருத்தரங்கு 2010ஆம் ஆண்டில் இந்தியாவின் புனே நகரில் ஆரம்பமாயிற்று. நமது வளிமண்டலவியல் திணைக்களமும் அதிற் பங்குபற்றுகின்றது. கடல்நீரின் வெப்பநிலையையும் பல்வேறு கணிப்புகளையும் ஒப்புநோக்கிய பின்னரே பொது முடிவு எட்டப்படுகின்றது.

அம்முடிவு, மழை குறைவு, வழமை, கூடுதல் என்னும் மூன்றுக்கும் உள்ள வாய்ப்பை வீதத்திற் கூறும். மூன்றும் சமமாயின் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 33 வீதம் வரும். குறைவதற்கு 45 வீதம் எனின் அஃது எச்சரிக்கையே. ஆயினும் குறையாதிருப்பதற்கு 55 வீதம் உண்டென்பதை மறவாதீர்கள். எந்நாளில் மழை பெய்யுமென்பதை இக்கணிப்பு கூறாது. அதற்கு அன்றாட வானிலை அறிக்கையைக் கேளுங்கள்.

காலபோகக் கூட்டத்துக்கு முன்னர் இக்கணிப்பை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள். மழை குறையும் வாய்ப்பு மிகுந்திருப்பின், குளத்து நீர்மட்டத்தையும் நோக்கி, குறுகிய வயதுடைய நெல்லினத்தை விதைப்பதா, ஒரு பகுதியிற் பயறு முதலிய மறுபயிர் இடுவதா என்பதைக் கூட்டத்திலேயே தீர்மானியுங்கள். கூட்டத்துக்கு வாராதிருந்து, கதிர் வாடும் வேளையில் நீர்ப் பங்கீடு பற்றி முறையிடுவதாற் பயனில்லை.